இணைய வகுப்புக்கு ஆசிரியர்களைத் தயார்செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2020 ஜூன். "கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே, எல்லாருக்கும் நீங்களே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்" என்று கல்லூரி முதல்வர் என் தலையில் கட்டிவிட்டார். அறுபது ஸ்லைடு தயாரித்து, கூகுள் மீட்டில் இரண்டு மணி நேரம் விளாசினேன். சாட்டில் வரிசையாக "அருமை சார்". மறுநாள் காலை ஏழு மணிக்கே போன்: "தம்பி, மைக் எங்கே இருக்கிறது?"

தமிழ்த்துறை ஐயா ஒருவர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. ஜூமில் சங்கப்பாட்டு நடத்திக்கொண்டிருக்கிறார். கடைசி அடிக்கு வரும்போது திரை காலி. என்னைக் கூப்பிட்டு மெதுவான குரலில், "பிள்ளைகள் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள் தம்பி" என்றார். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு வகுப்பு அறுந்துவிடும். என் அறுபது ஸ்லைடில் அது இல்லை.

அன்றோடு ஸ்லைடை மூட்டை கட்டினேன். கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு வகுப்பு திறந்து எல்லாப் பேராசிரியர்களையும் மாணவர்களாகச் சேர்த்தேன். பாடக்குறிப்பைப் போனிலேயே படிக்க வேண்டும், பதிலைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எண்பது பக்க ஸ்கேன் பிடிஎஃப் போடுகிறவர்கள் இரண்டே நாளில் பத்துப் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள்!

கணிதத்துறை மேடம் தாளில் கணக்குப் போட்டு, போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டுவார். திரையில் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிகிறதென்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். முன்பக்கக் கேமராவில் நம் படம் நமக்கு மட்டும்தான் கண்ணாடியில் தெரிவதுபோல மாறித் தெரியும், மாணவருக்கு நேராகவே தெரியும். வாயால் சொன்னபோது நம்பவில்லை. வீட்டுக்காரர் போனில் மாணவராக உள்ளே வந்து பார்த்த பிறகுதான் நம்பினார்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் என்ற இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பு வழியாக சூம் கிடைத்ததால் 40 நிமிடச் சிக்கல் எங்களுக்கு இருக்கவில்லை. எங்களுக்கு வந்த வில்லங்கம் பாமினி, யுனிகோடுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துரு. சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவர் பதினைந்து வருட வினாத்தாள்களை அந்த எழுத்துருவில்தான் வைத்திருந்தார். மூடில் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிறைந்துவிட்டது. "இதென்ன தம்பி, பேய் பிடிச்ச மாதிரிக் கிடக்கு?"

எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடு எழுத்துக்கு மாற்றுகிற கருவி இருக்கிறதுதான். ஆனால் வினாவுக்கு நடுவே ஆங்கிலக் கலைச்சொல் வந்தால் அதையும் பாமினி என்று எண்ணி உளறலாக மாற்றிவிடும். ஒவ்வொரு கேள்வியாக நானும் அந்த விரிவுரையாளரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து திருத்தினோம். மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையில், பயிற்சிப் பட்டறை எதுவும் இல்லாமலே, அவருக்கு மூடில் முழுக்கப் பழகிவிட்டது.

---

திருநெல்வேலிப் பக்கம். எங்கள் மாணவர்கள் பாதிப்பேருக்கு டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும். தமிழக அரசு தினம் 2 ஜிபி கொடுத்தது 2021 ஜனவரியில்தான், அதுவும் ஏப்ரல் வரை. அதுவரை பத்து நிமிட ஆடியோவாகப் பதிவுசெய்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிப் பழக்கினேன். பொருளியல் மேடம் ஒருவர் பதினோரு முறை பதிந்து பதினோரு முறையும் அழித்தார். "என் குரலை என்னாலேயே கேட்க முடியவில்லை சார், சுவரிடம் எப்படிப் பேசுவது?" சரி, யாரையாவது எதிரே உட்கார வையுங்கள் என்றேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனை உட்கார வைத்தார். அவன் நடுவே "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டதை வெட்டவே இல்லை. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஆடியோ அதுதான்.

---

முதலில் எழுதிய நான்தான். யாழ்ப்பாண நண்பருக்கு: எங்கள் பக்கமும் அதே கதைதான், எழுத்துருவின் பெயர் மட்டும் வானவில். தமிழ்த்துறை ஐயாவின் பழைய வினாத்தாள்கள் இன்னும் என் பென்டிரைவில் மாற்றப்படாமல் கிடக்கின்றன.