டைரி ஃபார்மில் கல்லைத் தட்டிப் பார்த்த அண்ணன்

ஈசூன்வாசி:
உள்ளரங்கப் பாறையேற்றச் சுவரில் ஒரு வருடம் ஏறி, வி4 வரைக்கும் வந்துவிட்ட தெம்பு (வி என்பது ஏறும் வழி எவ்வளவு கடினம் என்று காட்டும் அளவு, எண் கூடக் கூடக் கடினம்). போன மாதம் ஒரு ஞாயிறு டைரி ஃபார்ம் பழைய கல்குவாரிக்குப் போனேன். சிங்கப்பூரில் நிஜப் பாறையில் ஏற அனுமதி உள்ள இடம் அதுதான். ஹில்வியூ எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நண்பரோடு நடந்தேன். அவர் கயிறு போட்டுத் தந்தார்.

பத்தடிக்குள் திணறிவிட்டேன். உள்ளரங்கில் ஒரு வழிக்கு ஒரே நிறப் பிடிகள், மஞ்சள் பிடியைப் பார்த்துப் பார்த்துப் போனால் போதும். இங்கே எல்லாம் சாம்பல் நிறக் கருங்கல், எதைப் பிடிப்பது?

இறங்கி மூச்சு வாங்கும்போது, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "தம்பி, இடது பக்கக் கல்லு பொக்கு, அதைத் தொடாதீங்க" என்றார். எழுந்து வந்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். ஒன்று 'டங்', அது உறுதி. பக்கத்துக் கல் 'டொப்', அதுதான் பொக்கு. வெடி வைத்து உடைத்த பாறையில் உள்ளுக்குள் விரிசல் ஓடியிருக்குமாம். புதுக்கோட்டைப் பக்கம் அப்பாவோடு கல் உடைத்தவர், இங்கே கட்டட வேலை.

"கையில என்ன, சுண்ணாம்பா?" வியர்வை வழுக்காமல் இருக்கப் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பொடி என்றேன். நீங்களும் ஏறிப் பாருங்கண்ணே என்றதற்குச் சிரித்தார்: "ஊர்ல ஏறினா கூலி குடுப்பாங்க. நீங்க சும்மாவா ஏறுறீங்க?"

சும்மா இல்லை, உள்ளரங்கில் ஒரு தடவை நுழைய இருபது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் என்று உளறிவிட்டேன். "ஒரு தடவைக்கா?" என்றவர் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. அவருடைய நாள் சம்பளத்தை நானும் கேட்கவில்லை.

உட்லண்ட்ஸ்காரி:
தட்டிப் பார்ப்பது சரியான பழக்கம். மேலே ஆள் ஏறாவிட்டாலும் கல் விழும், கீழே நிற்பவரும் தலைக்கவசம் போடணும். மழை பெய்த மறுநாள் போகாதீங்க, பாசி வழுக்கும். என் அனுபவம் குரங்கோடு. பையின் ஜிப்பை அழகாகத் திறந்து, வாழைப்பழத்தை விட்டுவிட்டுப் பொடிப் பையை எடுத்துக்கொண்டு போனது. வாயெல்லாம் வெள்ளை!

ஈசூன்வாசி:
ஹாஹா, அது எத்தனை வி ஏறும்? நேற்று மறுபடி போனேன். அண்ணன் வரவில்லை. நாலு கல்லைத் தட்டினேன், எனக்கு நாலும் 'டங்' என்றே கேட்டது. இடது பக்கத்தைத் தொடவில்லை.