அலுவலக மென்பொருளோடு படும் பாடு: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

கணக்குப் பிரிவில் பணிபுரியும் உறுப்பினர்:

எங்களுக்குப் பொருள் தரும் நிறுவனங்கள் அனுப்பும் பில்களைச் சரிபார்த்துப் பதிவு செய்வது என் வேலை. ஒரு பில்லை ஆர்டரோடும் சரக்கு வந்து சேர்ந்த ரசீதோடும் ஒப்பிட்டு, தொகை சரிதான் என்று முடிவு செய்ய அதிக நேரம் பிடிப்பதில்லை. அந்த முடிவை மென்பொருளில் ஏற்றுவதற்குத்தான் நேரம் போகிறது.

எங்கே போகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பொருள் தருபவரின் பெயரைத் தட்டச்சு செய்து தேட முடியாது. அவருக்குரிய குறியீட்டு எண் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், எங்கள் பிரிவில் எல்லோருடைய திரையின் ஓரத்திலும் அந்த எண்களை எழுதிய காகிதத் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பில் தேதியையும் தட்டச்சு செய்ய முடியாது. நாட்காட்டியைத் திறந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எப்போதும் நடப்பு மாதத்தில்தான் திறக்கும். போன ஆண்டின் பில் என்றால் அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொரு மாதமாகப் பின்னால் போக வேண்டும். எல்லாக் கட்டங்களும் நிரம்பும் வரை 'சேமி' பொத்தான் மங்கலாகவே இருக்கும். அவற்றில் ஒன்று, வேறொரு பிரிவிலிருந்து வர வேண்டிய செலவுக் கணக்கு எண். தொலைபேசியில் அதைக் கேட்டு வாங்குவதற்குள், நேரக் கெடு முடிந்து, எந்த முன்னறிவிப்பும் இன்றி உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கிறது. மறுபடி நுழைந்து பார்த்தால், அதுவரை நிரப்பிய அனைத்தும் போயிருக்கும். இதனால் எல்லா விவரங்களையும் முதலில் நோட்பேடில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

இது தீர்க்க முடியாத சிக்கல் அன்று. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தத் தக்கவையாக அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிகளின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. நேரக் கெடுவை நீக்கவோ மாற்றவோ பயனருக்கு வழி இல்லையென்றால், கெடு முடியும் முன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் அதை நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடியாவது தர வேண்டும் என்பது அதன் பொது விதி. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, ஒரே வேலையின் நடுவில் ஏற்கெனவே கொடுத்த விவரத்தை மீண்டும் தட்டச்சு செய்ய வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறது.

நேரம் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாத இறுதி அறிக்கையில் 'பதிவில் தாமதம்' என்ற தலைப்பின் கீழ் எங்கள் பெயர்கள் வருகின்றன. திரை வெளியே தள்ளியது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. என்னை வருத்துவது இதுதான். ஆகவே உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, அந்தக் குறை கடைசியில் யார் பெயரில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அலுவலக உதவியாளராக உள்ள உறுப்பினர்:

கடவுச்சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், பயணச் செலவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி கடவுச்சொற்கள். மூன்றும் வெவ்வேறு நாட்களில் காலாவதியாகின்றன. கசிந்ததற்கான சான்று இல்லாதபோது, குறிப்பிட்ட கால இடைவெளியில் கடவுச்சொல்லை மாற்றும்படி வற்புறுத்த வேண்டாம் என்று தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் 2017ஆம் ஆண்டிலேயே தன் வழிகாட்டுதலைத் திருத்திவிட்டது. வற்புறுத்தினால் மக்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார்கள் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அப்படியும் பாதுகாப்புக் குறைவு என்று சுற்றறிக்கை வரும்போது, அது ஊழியர்களின் கவனக்குறைவைத்தான் குறிப்பிடுகிறது.

சம்பளப் பட்டியல் தயாரிக்கும் உறுப்பினர்:

முதலில் எழுதியவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் நேரடியான விடை இருக்கிறது. எங்கள் சம்பள மென்பொருளால் வங்கிக்கு நேராகப் பட்டியல் அனுப்ப முடியாது. அது சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய எளிய உரைக்கோப்பாக, வெளியே தரும். அதை விரிதாளில் திறந்து, வங்கி கேட்கும் வரிசைக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அப்படித் திறக்கும்போது, பூஜ்யத்தில் தொடங்கும் ஊழியர் எண்களின் முன் பூஜ்யங்கள் மறைந்துவிடும். விரிதாள்கள் எண்களை 15 இலக்கத் துல்லியத்தோடு மட்டுமே வைத்துக்கொள்வதால், 16 இலக்கமுள்ள வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். சத்தமே இல்லாமல் நடப்பதால் பார்த்த உடனே தெரியாது. சக ஊழியர் ஒருவருடைய சம்பளம் இதனால் திரும்பி வந்தபோது, கோப்பில் எழுதப்பட்ட காரணம் 'கணக்கு எண் தவறாக உள்ளிடப்பட்டது' என்பதாகும். அந்த எண்ணை யாருமே உள்ளிடவில்லை. அவர் சரியாகக் கொடுத்திருந்தார், சம்பள மென்பொருளிலும் சரியாகவே இருந்தது. ஒன்றோடொன்று பேசாத இரண்டு மென்பொருள்களுக்கு நடுவில்தான் அது மாறியது.

மரபணு ஆய்வாளர்களுக்கும் இதே துன்பம் நேர்ந்திருக்கிறது என்று பிறகு அறிந்தேன். 'செப்ட் 1', 'மார்ச் 1' என்ற சுருக்கப் பெயருள்ள மரபணுக்களை எக்செல் என்னும் விரிதாள் மென்பொருள் தேதிகளாக மாற்றிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கண்டறிந்தது. கடைசியில் 2020இல், மரபணுப் பெயர்களை முறைப்படுத்தும் குழு அந்தப் பெயர்களையே 'செப்டின் 1', 'மார்ச்எஃப் 1' என்று மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்திக்கொள்ளும் வசதி எக்செலில் 2023இல்தான் வந்தது. ஓர் அறிவியல் துறையே மென்பொருளுக்காகத் தன் சொற்களை மாற்றிக்கொள்ள நேர்ந்ததென்றால், ஒரு சம்பளப் பிரிவின் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்று நினைக்கும்போது மனம் சோர்ந்துபோகிறது.

குடும்பப்பெயர் கட்டாயம் என்னும் கட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அதே பெயரை இருமுறை எழுதி நிரப்புகிறோம். பிறகு அடையாள ஆவணத்தோடு பெயர் பொருந்தவில்லை என்று விளக்கம் கேட்டு அவர்களுக்கே கடிதம் போகிறது.

பணப் பட்டுவாடாவுக்கு ஒப்புதல் வழங்கும் உறுப்பினர்:

ஒப்புதல் தருபவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். என் திரையில் ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் 'இச்செயலைத் திரும்பப் பெற இயலாது, தொடரலாமா?' என்று ஒரே வாசகம் வருகிறது. சிறு தொகைக்கும் அதுவே, பெருந்தொகைக்கும் அதுவே. யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்பது அந்தப் பெட்டியில் இருக்காது. பின்னால் உள்ள திரையை அந்தப் பெட்டியே மறைத்துக்கொண்டிருக்கும். எப்போதும் வருகிற எச்சரிக்கையைக் கண் படிப்பதை நிறுத்திவிடுகிறது. அது ஆளின் குணம் சார்ந்ததன்று. யாரை உட்கார வைத்தாலும் நடக்கும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கியில் நடந்தது சான்றாக இருக்கிறது. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்காக, கடன் கொடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில், வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து ஏறத்தாழ 90 கோடி டாலர் வெளியேறியது. அசல் தொகை வெளியே போகாமல் உள்கணக்கிலேயே தங்குவதற்கு, 'ஃப்ளெக்ஸ்கியூப்' மென்பொருளின் திரையில் மூன்று கட்டங்களை நிரப்பியிருக்க வேண்டும். 'அசல்' என்று பெயரிட்ட ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பினால் போதும் என்று அதைக் கையாண்டவர்கள் கருதினார்கள். அந்தப் பெயரைப் படிக்கும் எவரும் அப்படித்தான் கருதியிருப்பார்கள். மூன்று பேர் பார்த்தே அனுப்பினார்கள். பணம் வங்கியை விட்டு வெளியே போகும் என்ற எச்சரிக்கையும் வந்தது. ஆனால் எவ்வளவு போகும் என்பதை அது சொல்லவில்லை. திரும்பி வராத சுமார் 50 கோடி டாலரைக் கேட்க வங்கிக்கு உரிமையில்லை என்று 2021 பிப்ரவரியில் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது.

குறை யார் பெயரில் எழுதப்படுகிறது என்ற கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது பிரிட்டன் அஞ்சல் நிலையங்களின் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள். அதன் பிழைகளால், உண்மையில் இல்லாத பற்றாக்குறை கணக்கில் தோன்றியது. கிளைகளை நடத்தியவர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டினார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் உறுதி செய்தது. தண்டனைகளை மொத்தமாக நீக்கத் தனிச் சட்டம் 2024இல் வந்தது. உதவிக்கு அழைத்தவர்கள் பலரிடம், வேறு யாருக்கும் இந்தச் சிக்கல் இல்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் ஹெல்ப் டெஸ்கிலும் அதே வாசகத்தைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இப்படிக் கூடிப் பேசுவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

திரைவாசிப்பான் உதவியோடு பணிபுரியும் உறுப்பினர்:

எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதை மென்பொருள் படித்துச் சொல்லக் கேட்டு வேலை செய்கிறேன். எங்கள் பழைய விடுப்பு மென்பொருள் அழகற்றது என்று எல்லோரும் குறைபட்டார்கள். ஆனால் அதன் ஒவ்வொரு பொத்தானிலும் சொல் இருந்தது. புதியதில் சொற்களை நீக்கிப் படக்குறிகளை வைத்துவிட்டார்கள், அவற்றுக்குப் பின்னால் பெயரும் எழுதவில்லை. எனக்கு அது 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று மட்டுமே கேட்கிறது. எது சமர்ப்பிப்பது, எது அழிப்பது என்று அறிய, வரிசையில் எத்தனையாவது என்று மனப்பாடம் செய்துகொண்டேன். அடுத்த மேம்படுத்தலில் வரிசை மாறிவிட்டது. இப்போது என் விடுப்பை அருகில் இருப்பவரிடம் சொல்லிப் பதிவு செய்கிறேன். மருத்துவ விடுப்புக்கான காரணத்தையும் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மென்பொருள் நிறுவும் பணியில் உள்ள உறுப்பினர்:

எல்லாவற்றையும் படித்தேன். நிறுவனங்களுக்குச் சென்று இத்தகைய மென்பொருள்களை அமைத்துத் தருவது என் தொழில் என்பதால், இவை ஏன் இப்படி வருகின்றன என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாங்குவதை முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அன்றாடம் அதைத் தொடாதவர்கள். வேண்டிய வசதிகளை நீண்ட பட்டியலாகத் தருவார்கள். 'பில் பதிவு உண்டா' என்ற வரிக்கு 'உண்டு' என்று குறித்தால் போதும். அதைச் செய்ய எத்தனை திரை கடக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. செயல்விளக்கம் காட்டும்போது தரவு குறைவாக இருக்கும், விவரங்கள் எல்லாம் கையில் தயாராக இருக்கும், நடுவில் தொலைபேசி ஒலிக்காது. பயன்பாட்டுத் தகுதி என்பது, குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் தங்கள் வேலையைச் சரியாகவும் சிக்கனமாகவும் மனநிறைவோடும் முடிப்பதுதான் என்று பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 9241-11 தரநிலை 1998 முதலே வரையறுத்து வருகிறது. 'குறிப்பிட்ட சூழல்' என்ற அந்தப் பாதியை நாங்கள் விட்டுவிடுகிறோம்.

கணக்குப் பிரிவு உறுப்பினருக்கு: கெடு முடியும் முன் எச்சரிப்பதும், பாதி நிரப்பிய படிவத்தை வரைவாகச் சேமிப்பதும் பல மென்பொருள்களில் அமைப்புப் பக்கத்தில் இயக்க வேண்டிய வசதிகளாகவே இருக்கின்றன; யாரும் கேட்காததால் அணைந்தே கிடக்கும். 'மென்பொருள் மெதுவாக உள்ளது' என்று ஹெல்ப் டெஸ்கில் டிக்கெட், அதாவது எண்ணிட்ட புகார், போட்டால் மூடிவிடுவார்கள். எந்தத் திரை, எந்தக் கட்டம், எந்த நேரத்தில் வெளியே தள்ளியது, எத்தனை பேருக்கு இது நடக்கிறது என்று எழுதி, உங்கள் பிரிவினர் அனைவரும் ஒரே டிக்கெட்டில் பெயர் சேர்த்து அனுப்புங்கள். மாத அறிக்கையில் தாமதத்துக்கு எதிரே அந்த டிக்கெட் எண்ணையும் குறிப்பிடுங்கள். பார்வையற்ற நண்பர் சொன்ன படக்குறிகளுக்குப் பெயர் சேர்ப்பது பெரிய வேலையே அன்று. நான் பொறுப்பேற்கும் அடுத்த நிறுவலில், ஒப்புதல் கையெழுத்து வாங்குவதற்கு முன்பு, திரைவாசிப்பானோடு பணிபுரியும் ஊழியர் ஒருவரை அழைத்து முழுப் படிவத்தையும் நிரப்பச் சொல்லிப் பார்ப்பதைச் சோதனைப் பட்டியலில் சேர்க்கப்போகிறேன்.