சூப்பர்ஹீரோ காமிக்ஸ் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நான் கொடுத்த புத்தகங்கள்

எனக்குத் தெரிந்தவர்களில் காமிக்ஸ் படிப்பவன் நான் ஒருவன்தான். அதனால் ஒவ்வொரு மார்வெல் படமும் பேட்மேன் படமும் வந்துபோகும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "இதையெல்லாம் புத்தகமாப் படிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

ஆரம்பத்திலிருந்து என்று யாருக்கும் சொல்ல முடியாது. சூப்பர்மேன் வந்தது 1938இல், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில். மறுவருடம் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் பேட்மேன். ஸ்பைடர்மேன் 1962இல், 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழில் வெறும் 11 பக்கக் கதையாக வந்தவன். அன்றிலிருந்து கை மாறிக் கை மாறி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்தும் தொடங்குவார்கள். 2011இல், சூப்பர்மேனையும் பேட்மேனையும் வெளியிடுகிற டிசி நிறுவனம் ஒரே வீச்சில் 52 தலைப்புகளை அப்படித் தொடங்கியது. ஆகவே அட்டையில் 'இதழ் 1' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் பாதிக் கதையில் போய் உட்கார நேரும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "கடைசியா உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் படிச்சது எது?" அந்தப் பதிலை வைத்து, தானே தொடங்கித் தானே முடிகிற ஒரு புத்தகத்தைக் கொடுப்பேன்.

அலுவலகத்தில் ஒரு தம்பி. துப்பறியும் நாவல் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. அவனுக்கு 'பேட்மேன்: இயர் ஒன்' கொடுத்தேன். 1987இல் நான்கு இதழ்களாக வந்தது. எழுத்து ஃபிராங்க் மில்லர், ஓவியம் டேவிட் மசூக்கெல்லி. மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது வந்து, "அண்ணே, பேட்மேன் கதைன்னு குடுத்தீங்க. இது அந்தப் போலீஸ்காரர் கதையால்ல இருக்கு?" என்றான். ஆமாம், அதற்காகத்தான் கொடுத்தேன். ஜிம் கார்டன் என்ற நேர்மையான போலீஸ்காரர், தலைமை ஆணையர் வரைக்கும் கறைபடிந்த ஒரு காவல்துறைக்குள் வந்து மாட்டிக்கொள்கிறார். அவர் வந்து இறங்குகிற அதே ஜனவரி 4ஆம் தேதி, பேட்மேனாக மாறப்போகிற புரூஸ் வெயினும் ஊர் திரும்புகிறான். கார்டன் ரயிலில் வருகிறார், வெயின் விமானத்தில். விமானத்தில் வந்திருந்தால் மேலிருந்து பார்க்க இந்த ஊர் யோக்கியமாகத் தெரிந்திருக்கும் என்று கார்டன் நினைக்கிறார். ரயிலில் வந்திருந்தால் எதிரியைக் கிட்டத்தில் பார்த்திருக்கலாமே என்று வெயின் நினைக்கிறான். இரண்டு பேரும் யார் என்பது முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

அந்தத் தம்பி நான் சொல்லாமலே ஒன்றைக் கண்டுபிடித்தான். கார்டன் மனதுக்குள் பேசுவது ஒரு கையெழுத்திலும், வெயின் பேசுவது கூட்டெழுத்து போன்ற வேறொரு கையெழுத்திலும் இருக்கிறது. அது டாட் கிளைன் என்ற எழுத்துக் கலைஞரின் வேலை. வசனத்தை மட்டும் ஓட்டமாகப் படித்துவிட்டுப் புரட்டுகிறவர் கண்ணில் இது படாது. முதல் புத்தகத்திலேயே அவன் கண்ணில் பட்டது. அப்போதே இவன் இனி விடமாட்டான் என்று தெரிந்துவிட்டது.

அடுத்து அவன் கேட்டது 'வாட்ச்மென்'. எல்லாப் பட்டியலிலும் அதுதானே முதலில் இருக்கிறது. கொஞ்சம் பொறு என்றேன். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986–87இல் செய்த அந்தப் பன்னிரண்டு இதழ்கள், அதற்கு முன்னால் ஐம்பது வருடம் சூப்பர்ஹீரோக்கள் எப்படி எழுதப்பட்டார்களோ அதன்மேல் நடத்திய விசாரணை. விசாரிக்கப்படுகிறவர்களோடு பழக்கமே இல்லாதவருக்கு முதலிலேயே குற்றப்பத்திரிகையைக் கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. நாவல்களில் நன்றாக ஊறியவர் என்றால் நேரே கொடுக்கலாம் என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சூப்பர்ஹீரோவின் மேல் ஆசை வந்தபிறகு படித்தால்தான் அந்தப் புத்தகம் உள்ளே இறங்கும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இடையில் அவனுக்கு மேட் ஃபிராக்‌ஷனும் டேவிட் அஹாவும் செய்த 'ஹாக்ஐ' கொடுத்தேன். சக்தி எதுவும் இல்லாத வில்லாளி ஒருவன், புரூக்ளினில் தான் குடியிருக்கிற கட்டடத்துக்காரர்களுக்காக ரவுடிகளோடு மல்லுக்கட்டுகிறான். அதில் 11ஆம் இதழ் முழுவதும் ஒரு நாயின் பார்வையில் நகரும். மனிதர்கள் பேசுவதில் அந்த நாய்க்குப் புரிகிற சில சொற்கள் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் கிறுக்கல். மோப்பம் படங்களாக வரும். காமிக்ஸுக்கென்றே கொடுக்கிற ஐஸ்னர் விருது வாங்கிய இதழ் அது.

அக்கா மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கொடுத்தது 'மிஸ் மார்வெல்', 2014இல் தொடங்கிய தொடரின் முதல் தொகுப்பு. ஜி. வில்லோ வில்சன் எழுதி ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்தது. ஜெர்சி சிட்டியில் இருக்கிற பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான், வயது 16. இரவு விருந்துக்குப் போக வீட்டில் விடவில்லை என்று ஜன்னல் வழியாக இறங்கிப் போகிறாள், அன்றைக்கே சக்தியும் வந்துவிடுகிறது. முதலில் அவள் ஆசைப்பட்டபடியே பொன்னிறக் கூந்தலோடு வேறொரு சூப்பர்ஹீரோவின் உருவம் கிடைக்கிறது. கிடைத்தபிறகு அது அவளுக்குச் சௌகரியமாக இல்லை. சொந்த முகத்தோடு, புர்கினி என்கிற, உடல் முழுக்க மூடும் நீச்சல் உடையை வெட்டித் தைத்து உடை செய்துகொள்கிறாள். "மாமா, அவ அம்மா திட்டுறது அப்படியே எங்கம்மா மாதிரியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே படித்தாள். என்னதான் படிக்கிறாள் என்று பார்க்க அதைக் கையில் எடுத்த அக்கா, கீழே வைக்காமல் கடைசிவரை படித்துவிட்டாள். கமலாவின் பொய்களைப் பற்றி மசூதியின் ஷேக்கிடம் பேசச் சொல்லி வீட்டில் அனுப்பும் இடம் ஒன்று பின்னால் வரும். பயந்துகொண்டே போகிறவளிடம் அவர், இதைச் செய்துதான் ஆகவேண்டும் என்றால் தைரியத்தோடும் நேர்மையோடும் இரக்கத்தோடும் செய் என்கிற பொருளில் சொல்லி அனுப்புகிறார். அக்காவுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். முதல் தொகுப்புக்கு 2015இல், அறிவியல் புனைகதைகளுக்கும் மிகைப்புனைவுகளுக்கும் கொடுக்கிற ஹ்யூகோ விருது கிடைத்தது.

சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு பெரியவரைச் சந்தித்ததையும் எழுதியே ஆகவேண்டும். தமிழ்க் காமிக்ஸ் அடுக்கியிருந்த மேசைமுன் நின்று பேசிக்கொண்டிருந்தோம். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியைச் சிறுவயதில் படித்தவர். பிறகு லயன் காமிக்ஸில் ஸ்பைடர். கூர்க்காதும் கறுப்பு உடையுமாக, உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக ஆசைப்பட்டு, பின்பு நல்லவன் பக்கம் வந்த அந்த ஸ்பைடர். "எங்க காலத்து ஸ்பைடர் வேற, இந்தக் காலத்துப் பசங்க ஸ்பைடர்மேன் வேற தம்பி. எனக்கும் அமெரிக்க சூப்பர்ஹீரோவுக்கும் ஒட்டாது" என்றார்.

"ஐயா, உங்க ஸ்பைடர் கதை பலதையும் எழுதினது யார் தெரியுமா? சூப்பர்மேனை உருவாக்கின ஜெர்ரி சீகல்" என்றேன். அவர் நம்பவில்லை. கதை உண்மைதான். ஸ்பைடர் 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் தொடங்கியது. முதலில் எழுதியவர் டெட் கோவன், ஓவியம் ரெஜ் பன். கொஞ்ச காலத்தில் எழுத்து சீகலின் கைக்கு வந்தது. தன் நண்பர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றுவிட்டு, அந்த உரிமைக்காகப் பல வருடம் போராடிய மனிதர் சீகல். அவர் எழுதிய ஒரு நாயகனைத்தான் சிவகாசியில் அச்சாகி வந்த தாளில் நம் ஆட்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். சூப்பர்மேனைத் தொடாமலே சூப்பர்மேனின் தகப்பனைப் படித்திருக்கிறார் அந்தப் பெரியவர். எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கும்.

அவருக்கு நான் சொன்ன புத்தகம் 'மார்வெல்ஸ்', 1994. கர்ட் ப்யூசிக் எழுத்து, அலெக்ஸ் ராஸின் வண்ண ஓவியங்கள். நாயகன் ஃபில் ஷெல்டன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர். எந்தச் சக்தியும் இல்லாதவர். 1939இலிருந்து 1970கள் வரைக்கும் தலைக்குமேல் பறக்கிறவர்களை அண்ணாந்து பார்த்தே வாழ்க்கை கழிகிறது. அவர்களின் சண்டையில் ஒரு கண்ணையும் இழக்கிறார். பிறவியிலேயே விசித்திர சக்தியோடு பிறக்கிற மியூட்டன்ட்களுக்கு எதிராக ஊரே கல்லெடுக்கிற சமயத்தில், தன் இரண்டு பெண்குழந்தைகளும் ஒரு மியூட்டன்ட் சிறுமியை வீட்டின் நிலவறையில் ஒளித்து வைத்துச் சோறு போடுவதைக் கண்டுபிடிக்கிறார். அதற்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாகக் கல்லெறிந்தவர்தான் அவரும். சூப்பர்ஹீரோ கதைகளில் சாதாரண மனிதனின் முகத்தை இவ்வளவு நேரம் பார்க்க விடுகிற இன்னொரு புத்தகம் எனக்குத் தெரியாது. புத்தகத்தின் பெயரைப் பெரியவர் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். வாங்கினாரா என்று தெரியவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்ததைக் கடைசியாகச் சொல்கிறேன். கல்லூரி நண்பன் ஒருவன் சூப்பர்மேனைக் கண்டாலே அலுத்துக்கொள்வான். "அவனால முடியாததுன்னு ஒண்ணுமே இல்ல. அப்புறம் கதைல என்னடா இருக்கு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்': கிரான்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் 2005 முதல் 2008 வரை செய்த பன்னிரண்டு இதழ்கள். சூரியனுக்கு மிக அருகே போய் விண்கலத்தைக் காப்பாற்றுகிறான் சூப்பர்மேன். அளவுக்கு மீறிச் சூரிய சக்தி ஏறியதால் சாகப்போகிறான். எல்லாம் செய்ய முடிகிறவனுக்கு நாட்கள் மட்டும்தான் போதவில்லை. அந்த நாட்களில் அவன் என்னென்ன செய்கிறான் என்பதே கதை. சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகம் வெடித்த கதையை முதல் பக்கத்தில் நான்கே படங்களில், எட்டே ஆங்கிலச் சொற்களில் சொல்லி முடித்துவிடுவார்கள். தெரிந்த கதைக்கு அதற்குமேல் எதற்கு?

சூப்பர்மேன் சாதாரண ஆளாக, பத்திரிகையாளனாக நடமாடும்போது அவன் பெயர் கிளார்க் கென்ட். குவைட்லி வரைந்த அந்தக் கென்ட்டைப் பார்க்கவேண்டும். கூன் விழுந்து, தொளதொளத்த சட்டையில், யார்மேலாவது முட்டிக்கொண்டே நடப்பான். கண்ணாடியைக் கழற்றினால் நெஞ்சு நிமிர்ந்து அதே உடம்பு வேறு ஆளாகிவிடும். முட்டுவதிலும் காரணம் இருக்கிறது. சிறையில் தன் பரம எதிரி லெக்ஸ் லூதரைப் பேட்டி காணப் போகும் இதழில், தடுக்கி விழுகிற சாக்கிலேயே லூதரின் உயிரை மறுபடி மறுபடி காப்பாற்றுவான். லூதருக்குக் கடைசிவரை தெரியாது. அந்த இதழை நண்பனோடு உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் பார்த்தேன். வசனத்தில் அதற்கு ஒரு துப்பும் கிடையாது, படத்தைப் பார்த்தால்தான் பிடிபடும்.

பத்தாவது இதழில் ஒரு பெண் உயரமான கட்டடத்தின் விளிம்பில் நிற்கிறாள். அவளுடைய மருத்துவர் வரவில்லை. சூப்பர்மேன் பின்னால் வந்து நின்று, மருத்துவர் உண்மையிலேயே வழியில் மாட்டிக்கொண்டார், நீ நினைக்கிறதைவிட நீ பலசாலி என்று சொல்கிறான். அவ்வளவுதான். அவள் அவனைக் கட்டிக்கொள்கிறாள். ஒரே ஒரு பக்கம். தன் சாவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவன் அந்த நேரத்தை இதற்குக் கொடுக்கிறான். நண்பன் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, "அந்தப் பொண்ணு நிக்கிற பக்கத்துலயே நின்னுட்டேன்டா" என்று மட்டும் சொன்னான். பழைய கேள்வியை அதன்பிறகு அவன் கேட்கவில்லை.

இப்போது எனக்கே ஒரு யோசனை தேவைப்படுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் மாங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸ் மட்டுமே படிப்பவன். அமெரிக்க ஓவியப் பாணி கண்ணுக்கு ஒட்டவில்லை என்கிறான். 'சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி கிளான்' கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஜீன் லுவென் யாங் எழுதியது, வரைந்தது குரிஹிரு என்ற பெயரில் சேர்ந்து வேலை செய்யும் ஜப்பானியப் பெண்கள் இருவர். கிளான் என்றால் அமெரிக்காவின் கூ கிளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கும்பல். 1946இல் வந்த சூப்பர்மேன் வானொலித் தொடர் ஒன்றை எடுத்து, சீனக் குடும்பத்துப் பிள்ளைகளின் பக்கமிருந்து சொல்கிறார்கள். சூப்பர்மேனுக்கு இதில் முதலில் பறக்கவே வராது, மின்கம்பிமேல் ஓடுவான். மாங்கா பழகிய கண்ணுக்கு இது சரியாக இருக்குமா, இல்லை வேறு ஏதாவது முதலில் கொடுக்கலாமா? அப்படிப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவன் பிறந்தநாள், அதற்குள் வாங்கியாகவேண்டும்.