விண்டோஸ் சர்ச்: வெராகிரிப்ட் ஃபைல்களின் உள்ளடக்கம் இண்டெக்ஸில் தங்குமா?

பேரேடு:
விண்டோஸ் 10. கிளையண்ட் ஃபைல்கள் வெராகிரிப்ட் என்ற பூட்டும் (என்கிரிப்ஷன்) மென்பொருளில்; பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்தால் எஃப் டிரைவாக மவுண்ட் ஆகின்றன. அந்த டிரைவை இண்டெக்ஸில் (விண்டோஸ் தேடலுக்கான பட்டியலில்) சேர்த்திருக்கிறேன். டிஸ்மவுண்ட் செய்த பிறகு அந்த விவரங்கள் எங்காவது தங்குமா? முழுக் கணினியையும் இண்டெக்ஸ் செய்யும் என்ஹான்ஸ்டு மோடு போட்டதிலிருந்து டிஸ்க்கும் ஓயவில்லை. பழைய தமிழ் வேர்டு ஃபைல்களோ தேடலில் சிக்குவதே இல்லை.

கொக்கி:
தங்கும். சி டிரைவில் புரோகிராம்டேட்டா > மைக்ரோசாஃப்ட் > சர்ச் > டேட்டா வழியே போனால் விண்டோஸ் டாட் இடிபி என்ற ஃபைல் இருக்கும். ஃபைல் பெயர், பாதை, ஆவணத்தின் தொடக்க வரிகள் வரை அதில் பதிவாகும். பூட்டு எஃப்-க்கு, நகல் சி-யில் திறந்து கிடக்கிறது.

இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ் > மாடிஃபை போய் எஃப்-இன் டிக்கை எடுங்க. அதோடு விடாமல் அட்வான்ஸ்டு > ரீபில்டு கொடுங்க. நீக்கிய பதிவுகளின் மிச்சம் டேட்டாபேஸுக்குள் கிடக்கலாம். அழித்த ஃபைலையும் டிஸ்கிலிருந்து மீட்க வாய்ப்புண்டு, அதனால் சி-க்கு பிட்லாக்கர் (டிரைவ் முழுவதையும் பூட்டும் விண்டோஸ் வசதி) போடுவதுதான் சரி. அட்வான்ஸ்டில் இருக்கும் ‘இண்டெக்ஸ் என்கிரிப்டட் ஃபைல்ஸ்’ டிக்கை நம்பாதீங்க. அது விண்டோஸின் இஎஃப்எஸ் வசதியால் தனித்தனியாகப் பூட்டிய ஃபைல்களுக்கு மட்டும். மவுண்ட் ஆன வெராகிரிப்ட், விண்டோஸுக்குச் சாதாரண டிரைவ்தான்.

சுழல்தட்டு:
டிஸ்க் ஓயாததற்கு, மாறிக்கொண்டே இருக்கும் ஃபோல்டர்தான் பெரும்பாலும் காரணம்: கிளவுட் சிங்க், லாக், பேக்கப். கிளாசிக் மோடுக்கு மாறி, வேண்டிய ஃபோல்டரை மட்டும் சேருங்க. ஃபைல் டைப்ஸ் தாவலில் லாக், எக்ஸ்எம்எல் வகைகளுக்கு ‘பிராப்பர்ட்டீஸ் ஒன்லி’ (உள்ளடக்கம் இல்லாமல் பெயர், தேதி போன்ற விவரம் மட்டும்) போதும். ரீபில்டு முடிய மணிக்கணக்காகலாம்; அதுவரை தேடல் அரைகுறையாகத்தான் வரும்.

பெயரை வைத்து மட்டும் தேடினால் போதும் என்றால் எவ்ரிதிங் என்ற தேடல் மென்பொருள் படு வேகம். ஆனால் பலர் புழங்கும் கணினியில் யோசிச்சுப் போடுங்க. அது என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவின் ஃபைல் அமைப்பு) வைத்திருக்கும் எம்எஃப்டி என்ற ஃபைல் அட்டவணையை நேராக வாசிக்கும். அனுமதியில்லாத ஃபோல்டரின் ஃபைல் பெயர்களும் மற்ற பயனர் கண்ணில் படும். விண்டோஸ் சர்ச் அனுமதி பார்த்துத்தான் காட்டும்.

எழுத்தாணி:
தமிழ் ஃபைல்கள் பாமினி, வானவில் எழுத்துருவில் இருந்தால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. யூனிகோடில் தேடினால் எப்படிச் சிக்கும்? என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றலாம். முழு ஃபைலையும் ஒரேயடியாகப் போட்டால் இடையில் வரும் நிஜமான ஆங்கிலமும் பான் எண்ணும் சிதைந்துவிடும். வேர்டின் ஃபைண்டில் எழுத்துருவைக் கொடுத்து, அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, நகலில் வேலை செய்யுங்க. ஸ்கேன் பிடிஎஃப்-களுக்கு ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) வேண்டும். டெசராக்ட் என்ற ஓசிஆரில் தமிழ் இருக்கிறது.