ஸ்க்ரப் டைபசுக்கு ‘உண்ணிக் காய்ச்சல்’ என்ற பெயர் வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் தொகுக்கும் நோய்ப் பெயர்ப் பட்டியலில் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் நோய்க்கு நேராக ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வந்திருக்கிறது. செய்திகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள், மக்களுக்கும் பழகிவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

உண்ணி என்றால் எதுவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிக் கிடப்பது. ஸ்க்ரப் டைபசைப் பரப்புவது அது இல்லை. மைட் வகையைச் சேர்ந்த வேறொரு சிற்றுயிரின் இளம்பருவம்தான் பரப்புகிறது. அந்த இளம்பருவத்தைச் சிகர் என்பார்கள். ஆறு கால், செம்மஞ்சள் நிறம், சட்டென்று கண்ணில் படாத அளவு. புதர், உயரமான புல், வரப்போரம் என்று எலி நடமாடும் இடங்களில் இருக்கும். அந்த ஒரு பருவத்தில்தான் அது விலங்கையும் மனிதரையும் கடிக்கும். வளர்ந்தபின் நம் பக்கமே வராது. ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. உண்ணியோ முட்டையிலிருந்து வந்தபின் ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்தாக வேண்டும்.

பெயர் தவறினால் என்ன ஆகிறது? உண்ணிக் காய்ச்சல் என்றதும் வீட்டார் நாயின் காதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். நாயும் மாடும் இல்லாத வீட்டில் ‘நமக்கு எங்கே வரப்போகிறது’ என்று இருந்துவிடுகிறார்கள். புல்லில் உட்கார்ந்தது, புதர் வெட்டியது எதுவும் நினைவுக்கு வருவதில்லை. பலருக்கு அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற இடங்களில் கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்துக் காய்ந்திருக்கும். வலிக்காது என்பதால் நோயாளி அதைச் சொல்வதும் இல்லை. அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் விலை குறைந்த மருந்துகள், நன்றாகக் கேட்கும். பென்சிலின் வகை மருந்துகள் கேட்கவே கேட்காது. நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும். அந்தக் கறுத்த பொருக்குக்கும் நாம் ஒரு சொல் தர வேண்டும். ‘கரும்பொருக்கு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். கிராமத்துச் செவிலியர் கேட்டாலும் நோயாளிக்குப் புரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதருக்கும் காய்ச்சல் கண்டது. அதைத் தமிழில் ‘குரங்குக் காய்ச்சல்’ என்கிறோம். கன்னடத்திலும் மலையாளத்திலும் குரங்கின் பெயர்தான். ஆனால் குரங்கும் நம்மைப்போலவே அந்த நோயில் சாகிற உயிர். வைரசைப் பரப்புவது ஹீமாபைசாலிஸ் என்னும் காட்டு உண்ணி. பெரும்பாலும் அதன் குட்டிப் பருவம் கடித்துத்தான் மனிதருக்கு வருகிறது. வளர்ந்த உண்ணிக்கு ரத்தம் கொடுத்துப் பெருக வைப்பது காட்டில் மேயப்போகும் மாடு. ஆக, உண்ணி பரப்பும் நோய்க்குக் குரங்கின் பெயர். உண்ணி பரப்பாத நோய்க்கு உண்ணியின் பெயர். குரங்கம்மை என்று வேறொரு நோயின் பெயரும் புழக்கத்துக்கு வந்துவிட்டதால் குழப்பம் இரட்டிப்பாகிவிட்டது.

என் முன்மொழிவு: ஸ்க்ரப் டைபஸ் – புதர்க் காய்ச்சல். கியாசனூர் நோய் – காட்டுண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் எல்லாவற்றுக்கும் பொதுவாக – உண்ணிவழி நோய்கள்.

—

மறுமொழி:

வணக்கம் ஐயா. நான் கால்நடை மருத்துவர். நீங்கள் சொல்வதற்கு எங்கள் பக்கமிருந்து ஒரு வலு சேர்க்கிறேன். நாய்க்கு எர்லிக்கியா, பபேசியா என்ற ரத்தக் கிருமி நோய்கள் வந்தால் நாங்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்றுதான் சொல்கிறோம். அங்கே அது சரியான பெயர், உண்ணிதான் பரப்புகிறது. ஒரே வீட்டில் நாய்க்கும் உண்ணிக் காய்ச்சல், பிள்ளைக்கும் உண்ணிக் காய்ச்சல் என்றால் நாயிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைத்து நாயைத் துரத்திவிடுகிறார்கள். கலப்பினப் பசுக்களைப் படுத்தும் தைலேரியாவும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் பபேசியாவும் உண்ணிவழி நோய்களில் அடங்கும். அந்தச் சொல்லை நான் ஏற்கிறேன்.

‘காட்டுண்ணிக் காய்ச்சல்’ மட்டும் வேண்டாம். காட்டோர மக்களிடம் ஏற்கெனவே குரங்குக் காய்ச்சல் என்று சொல்லித்தான் எச்சரிக்கை செய்கிறார்கள். குரங்கு செத்துக் கிடந்தால் உடனே தகவல் சொல்லுங்கள் என்பதுதான் அங்கே முதல் பாடம். அந்தப் பெயர் அதற்கு உதவுகிறது.

—

மறுமொழி:

டாக்டர், நீங்கள் சொல்வது நியாயம். செத்த குரங்கைப் பார்த்ததும் தகவல் போக வேண்டும் என்பது உயிர் காக்கும் விஷயம். பட்டியலில் ‘குரங்குக் காய்ச்சல்’ இருக்கட்டும். விளக்கத்தின் முதல் வரியிலேயே ‘காட்டு உண்ணி கடிப்பதால் வருவது’ என்று எழுதிவிடுவோம்.

புதர்க் காய்ச்சலில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘டைபஸ்’ என்று அப்படியே எழுதலாம் என்பவர்களுக்கும் ஒரு சொல்: காதில் அது டைபாய்டு என்றுதான் விழுகிறது, இரண்டும் வேறு வேறு நோய்கள்.

மைட்டுக்கு என்ன சொல் என்பது இன்னும் முடியவில்லை. வேளாண்மைக்காரர்கள் தென்னையில் வருவதைச் சிலந்தி என்கிறார்கள், செடியில் வருவதைச் சிலந்திப்பேன் என்கிறார்கள். உயிரியல் நூல்களில் சிற்றுண்ணி என்று பார்க்கிறேன். அதிலும் உண்ணி ஒட்டிக்கொண்டிருப்பதால் நான் தயங்குகிறேன். வேளாண் துறை நண்பர்கள் வயலில் வேறு சொல் கேட்டிருந்தால் எழுதுங்கள்.