தொழிற்சாலை கிரவுண்டில் மருத்துவ ஹெலிகாப்டர் இறங்க முடியுமா? பொம்மசந்திராவிலிருந்து ஒரு சந்தேகம்

சேஃப்டி_பொம்மசந்திரா:
வணக்கம். பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசரா இருக்கேன், சொந்த ஊர் தர்மபுரி. போன மாசம் எங்க ஆள் ஒருத்தர் சாரத்திலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. மூளை, நரம்பு சிகிச்சைக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோறப்போ, மேம்பாலம் இறங்கினதும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஆம்புலன்ஸ் அப்படியே நின்னுடுச்சு. உயிர் பிழைச்சுட்டார், வலது கையைத்தான் இன்னும் தூக்க வரலை. அதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு: ஹெலிகாப்டர் இறங்க ஓர் இடம் தயாரா இருக்கணும்.

எங்க கிரிக்கெட் கிரவுண்ட் 45-க்கு 40 மீட்டர், செம்மண் தரை. மேற்கு ஓரம் மின்கம்பி, வடக்கில் கேன்டீனோட தகர ஷெட். நடுவில் சுண்ணாம்புப் பொடியால் எச் எழுதி, நாலு மூலையிலும் தீப்பந்தம் வைக்கலாம்னு மேனேஜர் சொல்றார். போதுமா?

ஜாலஹள்ளி_ஓய்வு:
தம்பி, விமானப்படையில் ஹெலிகாப்டர் பிரிவில் தரைப்பணி பார்த்தவன் நான். தீப்பந்தத்தை முதல்ல விடுங்க. இறக்கைக் காற்றில் தீப்பொறி கேன்டீன் வரை பறக்கும். சுண்ணாம்புப் பொடியும் வேண்டாம், அத்தனையும் கிளம்பி பைலட் கண்ணை மறைச்சிடும். தண்ணியில் கரைச்சுப் பூசிக் காயவிடுங்க. செம்மண்ணை முன்கூட்டியே நனைச்சு வையுங்க, சகதி ஆகாத அளவுக்கு.

30-க்கு 30 மீட்டர் சுத்தமான, சமதளமான இடம் பகலுக்கு வழக்கமா கேட்கிற அளவு. எச்125 மாதிரி சின்ன ஹெலிகாப்டரோட சுழல்இறக்கை வட்டத்தோட விட்டமே சுமார் 10.7 மீட்டர். அதனால் அளவில் குறையில்லை. சிக்கல் உங்க மேற்குக் கம்பியில்தான். ஹெலிகாப்டர் காற்றை எதிர்த்து இறங்கி, காற்றை எதிர்த்தே எழும்பும். தென்மேற்குப் பருவத்தில் கிழக்கிலிருந்து வந்து இறங்கிடும், சரி. நோயாளியை ஏத்திக் கனம் கூடி எழும்புறப்போ நேர் எதிரே அந்தக் கம்பி! பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஏப்ரல் வெயிலில் காற்று இன்னும் லேசாகி, தூக்குற சக்தி குறையும். செங்குத்தா எழும்பிடும்னு நம்பி இடம் பார்க்காதீங்க.

வார்டு_அக்கா:
நர்ஸ் பக்கத்திலிருந்து ரெண்டு விஷயம் தம்பி. ஸ்ட்ரெச்சரில் விரிப்பு, தலையணை எல்லாத்தையும் கட்டுங்க, நோயாளி கண்ணை மூடி மறைங்க. ஐவி ஸ்டாண்டை நட்டமா பிடிச்சுக்கிட்டு யாரும் போகக் கூடாது, மேலே இறக்கை சுத்துது. பாட்டிலை நோயாளி பக்கத்திலேயே வையுங்க.

சேஃப்டி_பொம்மசந்திரா:
நன்றி அக்கா. சார், ஆட்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்தணும்? அனுமதி யாரிடம்?

ஜாலஹள்ளி_ஓய்வு:
60 மீட்டருக்கு அப்பால். நாற்காலி, தார்ப்பாய், அட்டைப்பெட்டி, ஒண்ணும் வெளியே கிடக்கக் கூடாது. குழுவினர் கைகாட்டினால் மட்டும், பைலட் பார்க்கிற பக்கமாக் குனிஞ்சு போகணும். வால் பக்கம் யாரும் போகவே கூடாது. வால் இறக்கை சுத்துறப்போ கண்ணுக்குத் தெரியாது.

ராத்திரி என்றால் வெளிச்சம் தரையைப் பார்த்து இருக்கட்டும். பைலட் முகத்தில் டார்ச் அடிச்சா அவருக்குச் சில நொடி பார்வை போயிடும்.

வான்வழி அனுமதியை ஏர் ஆம்புலன்ஸ் நடத்துறவங்க வாங்குவாங்க. எச்ஏஎல், எலஹங்கா விமானத்தளங்கள் ரெண்டும் நகரத்துக்குள்ளேயே இருக்கிறதால் அது கட்டாயம். நீங்க இடத்தை இப்பவே அவங்களுக்குக் காட்டி, போலீஸுக்கும் தீயணைப்புக்கும் தெரிவிச்சு வையுங்க. ஜிபிஎஸ் எண் கொடுக்கிறப்போ தசமத்திலா, பாகை-கலையிலா (டிகிரி-மினிட்) என்று சேர்த்துச் சொல்லுங்க. அதுபோக, இன்னிக்கே தண்ணித்தொட்டி மேல ஏறி ஒருதரம் பாருங்க. கீழேயிருந்து தெரியாத கம்பி இருக்கும்.

சேஃப்டி_பொம்மசந்திரா:
சார், ஏறிப் பார்த்தேன். கேன்டீன் கூரையிலிருந்து கிழக்குச் சுவர்க் கம்பம் வரை சாம்பல் நிறத்தில் ஒரு இன்டர்நெட் கேபிள். மேகம் மூடின வானத்தில் கலந்து போயிருக்கு. நாலு வருஷமா அதுக்குக் கீழேதான் நடக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. கை நடுங்கிடுச்சு. கேபிளைக் கழற்றச் சொல்லியாச்சு, ஆனா மின்கம்பி போகாது. அத்திபெலே பக்கம் ஒரு கல்லூரி மைதானம் இருக்கு, கிழக்கும் மேற்கும் திறந்த வெளி.

ஜாலஹள்ளி_ஓய்வு:
அதையே முதல் இடமா வையுங்க தம்பி. நாலு திசையிலும் போட்டோ எடுத்து, கம்பம், மரம் உயரமெல்லாம் அளந்து ஏர் ஆம்புலன்ஸ்காரங்களுக்கு அனுப்புங்க. கேட் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்குன்னும் எழுதுங்க.