காலிப்பர் மாத்தின பிறகு பிரேக் பெடல் இறங்குது: காத்தா, டிரம்மா?

நண்பர்களே, உதவி வேணும். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் இல்லாத பழைய கார். முன் காலிப்பர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பாகம்) ரெண்டும் புதுசு, டாட் 4 பிரேக் ஆயில். நாலு வீல் பிரேக் லைன்லயும் ஏர் எடுத்தாச்சு, டியூப்ல குமிழி வரலை. காலிப்பரை இடம் வலம் மாத்தி மாட்டினா நிப்பிள் (காத்தை வெளியே விடுற திருகு) கீழே போய் காத்து உள்ளயே தங்கிடும். இதுல நிப்பிள் மேலதான் இருக்கு.

ஆனாலும் முதல் மிதி பாதிக்கு மேல இறங்குது. உடனே மறுபடி மிதிச்சா மேல ஏறி கெட்டியாயிடுது. அழுத்திப் பிடிச்சா மெல்ல இறங்கலை, அதனால மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற பாகம்) சீல் மேல சந்தேகம் குறைவு. ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில மரக்கட்டை வச்சுதான் மிதிச்சோம். தரை வரை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டருக்குள்ள துரு பிடிச்ச பகுதியில உரசி சீல் கிழியலாம்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு மிதிச்சா பெடல் நல்லா உயருது! அப்போ பின்னாடி லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி அதிகமா இருக்கறதுதானே காரணம்? அந்த இடைவெளியைக் குறைக்கிற அட்ஜஸ்டரைத் திருப்பறதுக்கு முன்னாடி ஹேண்ட்பிரேக் கேபிளை முழுசா தளர்த்தணுமா? டிரம் எவ்வளவு உரசினா சரி? முன் பிரேக் ஹோஸ்ல கிளாம்ப் போட்டு, முன்பக்கத்தை அடைச்சுப் பார்க்கலாம்னா, பழைய ரப்பர் உள்ளே வெடிச்சிடுமோன்னு பயமா இருக்கு. செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. அதுவரை வண்டி ரோட்டுக்குப் போகாது.